ஆறு மணிக்கு அணைந்த லைட்

செவ்வாய்க்கிழமை காலை சரியாக ஆறு மணிக்குக் காளியண்ணன் வீட்டு வாசல் லைட் அணைந்தது. என் கண்ணால் பார்த்தேன். எந்தக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். "மகராசன் எந்திரிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ரேடியோவைப் போட்டு, காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.

இதை எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதன்கிழமை மதியம் வரைக்கும் இந்த உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

என் பெயர் தெய்வநாயகி. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. முப்பத்து நான்கு வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன், அதனால் நர்சம்மா. நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே எங்கள் ஊர். சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களில் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு அழாதவர்கள் குறைவு. வயது அறுபத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வகையில் நிம்மதி. ஒரே தம்பி இருந்தான். அவனும் கொரோனாவில் போய்விட்டான்.

எதிர்வீடு காளியண்ணன். எழுபத்து நான்கு வயது. கோழிப்பண்ணைகளுக்கு வயர்மேன் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் அவர் கை படாத வயரிங் குறைவு. குழந்தை இல்லை. மனைவி சின்னாயி போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதும் எந்தப் பண்ணையிலாவது மோட்டார் ஓடவில்லை என்றால் கூப்பிடுவார்கள், போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார். அதனால் அவர் கண்ணில் படாவிட்டால் யாரும் தேடுவதில்லை. பண்ணைக்குப் போயிருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி ரோடு. அந்தப் பன்னிரண்டு அடியைத் தாண்டுவது எங்களால் முடியாத காரியம். சின்னாயி போன புதிதில் பாவம் என்று ஒரு மாதம் ரசமும் சோறும் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர் சும்மா இருக்குமா. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே, "நர்சம்மா இந்த வயசுல ஊசி போடப் போறாங்களாட்டங்" என்றாள். நான்கு பேர் சிரித்தார்கள். அன்றோடு தூக்குப்போசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஊரெல்லாம் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் குடும்பக் கட்டுப்பாடு பேசியவள் நான், என்னையே பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. ஒன்பது வருடமாகப் போகவில்லை.

லைட் விஷயம் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. தெருக்கோடியில் சௌந்திரம் என்று ஒரு தனிக்கட்டை. அவளை மூன்றாவது நாள்தான் பார்த்தார்கள். ஈ மொய்த்த பிறகு. நான்தான் உள்ளே போய்ப் போர்த்திவிட்டேன். அன்று சாயங்காலம் காளியண்ணன் ரோட்டின் அந்தப் பக்கமே நின்றுகொண்டு, யாரும் தப்பாக நினைக்காத மாதிரி பஞ்சாயத்துக் குழாயைப் பார்த்தபடி பேசினார்.

"நர்சம்மா, நமக்கும் இப்பிடி ஆயிறக் கூடாதுங்க. பேச்சுவார்த்தையெல்லாம் வேண்டாம். பொழுதானா ரெண்டு பேரும் வாசல் லைட்டைப் போட்டர்றது. காத்தால ஆறு மணிக்கு நிறுத்திப்போடறது. நின்னிருந்தா ஆள் இருக்குது. எரிஞ்சுட்டே இருந்தா வந்து பாக்கறது."

எனக்கு அது பிடித்திருந்தது. வாயைத் திறக்க வேண்டாம், ரோட்டைத் தாண்ட வேண்டாம், எவளுடைய வாயிலும் விழ வேண்டாம். அதில் இருந்து நாங்கள் நேரில் பார்த்துக்கொள்வதும் குறைந்துவிட்டது. லைட்டைப் பார்த்தால் போதுமே, ஆளை எதற்குப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை ரேஷன் கடையிலோ மருந்துக் கடையிலோ பார்த்தால் அவர் ஏதாவது பண்ணைக் கதை சொல்லுவார். ஒருமுறை சொன்ன கதை இது. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டுமாம். அதற்காகப் பண்ணையில் டைமர் மாட்டியிருப்பார்கள். மணி ஆனால் தானாக எரியும், தானாக அணையும். கரண்ட் போனால் அந்த டைமர் முள்ளும் நின்றுவிடும். வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"கரண்ட் வந்ததும் மொதல் வேலை டைமரைத் திருத்தி வெக்கறதுதானுங்க. ஒருக்கா பண்ணையாளு மறந்துட்டான். எட்டாயிரம் கோழி அர்த்த ராத்திரில எந்திரிச்சு உக்காந்துட்டுத் தீனி எங்கடான்னு கத்துது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால், ஆனி மாதம், ஒருநாள் காலை ஆறு நாற்பது ஆகியும் அவர் வீட்டு லைட் எரிந்துகொண்டே இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக் கந்தவேல் லாரி ஓட்டுகிறவன், நல்லவேளை வீட்டில் இருந்தான். அவனும் அவன் மனைவி ரஞ்சிதாவும் வந்தார்கள், பின்னாலேயே பாதித் தெரு வந்தது. தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தான். உள்ளே காளியண்ணன் கோவணத்தோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாராம்.

சிரிக்காத ஆள் இல்லை. ரஞ்சிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நர்சம்மாவுக்கு என்ன அக்கறைங்க பாருங்" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும். எனக்கு வந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்ட முடியவில்லை, அவர்மேல் காட்டினேன். தெரு முழுக்கப் பார்க்க, வாசலில் நிற்கவைத்து, ஊசிக்கு வராமல் ஓடிய பையனை மிரட்டுகிற மாதிரி மிரட்டினேன்.

"ஆறு மணின்னா ஆறு மணிங்க. உங்குளுக்குச் சௌரியப்பட்டப்ப நிறுத்தறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டாயா? இனி உங்க ஊட்டுக் கதவை நான் தட்டுனா என்னைச் செருப்பால அடிங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சரிங்க நர்சம்மா. இனிமே தவறாதுங்க" என்றார்.

தவறவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆறு என்றால் ஆறு. ஐந்து ஐம்பத்தொன்பதும் இல்லை, ஆறு ஒன்றும் இல்லை. ரேடியோவில் மணி சொல்லும்போது லைட் அணையும். என் கடிகாரம்கூட அந்த அளவுக்குச் சரியாக ஓடாது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. எழுபத்து நான்கு வயது ஆளை ஒரே அதட்டலில் திருத்திவிட்டேனே என்று. ரஞ்சிதா ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டே, "ரெண்டு ஊடும் கடியாரமாட்டம் நிக்குதுங்க, வயசானவங்க ஒழுங்கே தனிதானுங்க" என்றாள். எனக்கு முட்டி வலியில் எழுந்திருக்கவே அரை மணி ஆகும். ஆனாலும் அவரிடம் தோற்கக் கூடாது என்று ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்து ஆறு அடிக்கக் காத்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் ரோட்டைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. "நர்சம்மா, உங்க ஊட்டுல ஒரு சின்ன வேலை இருக்குதுங்க. கால் மணி நேரம் ஆகும்" என்றார். ரஞ்சிதா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வேலையும் வேண்டாமுங்க. ஊரே பாக்குது, போங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் கேட்டது.

திங்கள்கிழமை ஆறு மணிக்கு லைட் அணைந்தது. செவ்வாய்க்கிழமையும் அணைந்தது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. எங்கள் தெருமுனையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. நாள் முழுக்கத் தகரத்தை அடிக்கும் சத்தம் காதைத் துளைக்கும். அன்றைக்குப் பட்டறை ஓய்ந்து கிடந்தது. அந்த அமைதியில் மதியம் படுத்திருந்தபோது ஏதோ ஒரு சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, பூனை கத்துகிற மாதிரி. எங்கோ குட்டி போட்டிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

அன்று சாயங்காலம் கரண்ட் வந்த பிறகும் அவர் வீட்டு லைட் எரியவில்லை. பல்ப் போய்விட்டதுபோல, வயர்மேன் வீட்டிலேயே பல்ப் இல்லை என்று சிரித்துக்கொண்டு என் வீட்டு லைட்டைப் போட்டேன்.

புதன்கிழமை காலை பார்த்தால் லைட் எரிகிறது. சரி, பல்ப் மாற்றிவிட்டார். ஆறு மணி ஆனது. அணையவில்லை. ஆறே கால் ஆனது. ரேடியோவைப் போடாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறரை. ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் செருப்பால் அடிக்கச் சொன்னது என் வாய்தானே. மறுபடியும் மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தால்? மறுபடியும் தெரு கூடினால்? ரஞ்சிதா மறுபடியும் முந்தானையை எடுத்தால்? நின்றேன். ஏழு ஆனது. ஏழரை ஆனது. வெட்கத்தைப் பெரிதாக நினைத்து இரண்டு மணி நேரம் ஜன்னலில் நின்றேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு அது மறக்கக் கூடாது.

எட்டு மணிக்குப் போய்த் தட்டினேன். பிறகு கந்தவேலைக் கூப்பிட்டேன். ஆனி மாதத்துக்குப் பிறகு காளியண்ணன் புதிதாக நல்ல கெட்டித் தாழ்ப்பாள் போட்டிருந்தார். உடைக்க நேரம் பிடித்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

உள்ளிருந்து போகும்படி பக்கச் சந்தில் கட்டிய சின்னக் குளியலறையில் அவர் கிடந்தார். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. நனைந்த துண்டின் முனை வாயருகில் கிடந்தது. பக்கத்தில் பக்கெட்டில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மூச்சு இருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது.

முப்பத்து நான்கு வருட வேலை, கை தானாக எல்லாவற்றையும் பார்த்தது. தோலைக் கிள்ளினேன், மடிப்பு அப்படியே நின்றது. இடுப்பின் அடிப்பக்கத்தில் புண், ஒரு ராத்திரியில் வருகிற புண் அல்ல. வேட்டியில் காய்ந்த கறைமேல் காய்ந்த கறை. காலெல்லாம் எறும்புக் கடி. இது எத்தனை நாள் என்று என் கைக்குத் தெரியும். ஆனால் என் தலை ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்கு விடியக்காலந்தான் உழுந்திருக்கோணும். நேத்து ஆறு மணிக்கு லைட்டை நிறுத்துனாரே" என்று கந்தவேலிடம் சொன்னேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் தனப்பிரியா, சின்ன வயதுப் பெண், பார்த்துவிட்டு வெளியே வந்தது. "ரெண்டு நாளாச்சும் கெடந்திருக்காருங்கம்மா. கிட்னி ரொம்ப அடி வாங்கியிருக்கு. தண்ணி கைக்கு எட்டுனதால உசுரு இருக்கு" என்றது.

"இல்லீங்க. நேத்துக் காத்தால எந்திரிச்சு நடமாடுன மனுசனுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"ஆளைப் பாத்தீங்களா?"

அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னையே பார்த்தது. பிறகு, "காப்பீட்டு அட்டையும் ஆதாரும் வேணும். உறவுக்காரங்க யாராவது இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றது.

உறவுக்காரர் யார் இருக்கிறார்கள். கந்தவேலை அங்கே நிற்க வைத்துவிட்டு நானே பஸ் ஏறி வந்தேன். உடைந்த கதவைத் தள்ளிக்கொண்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, பட்டப்பகலில் தனியாக அந்த வீட்டுக்குள் போனேன். ரஞ்சிதா வாசலில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்தேன். அட்டை, ஆதார், இரண்டு வேட்டி. பக்கத்துத் தட்டில் ஒரே மாதிரி இரண்டு அட்டைப் பெட்டி இருந்தது. ஒன்று காலி. இன்னொன்று கனமாக, பிரிக்காமல், மேலே பென்சிலால் "நர்சம்மா ஊடு" என்று எழுதியிருந்தது. என் வீட்டு வேலை என்று சொன்னாரே, ஏதோ சுவிட்சாக இருக்கும் என்று அதையும் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், வாசல் லைட் வெயிலில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் இருந்த பதற்றத்தில் யாரும் நிறுத்தவில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

டிக் என்று ஒரு சத்தம். லைட் அணைந்தது.

என் விரல் சுவிட்சைத் தொடவில்லை. இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது. கை அப்படியே நின்றது. வீட்டுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "யாரது?" என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டு மணி.

பிறகு தலையைத் தூக்கினேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி. நடுவில் வட்டமாக ஒரு முகம், சுற்றிலும் குச்சி குச்சியாக முள், அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கோழிப்பண்ணை டைமர்.

எட்டாயிரம் கோழி அர்த்த ராத்திரியில் எழுந்து உட்கார்ந்த கதை ஞாபகம் வந்தது. ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை, எட்டு மணி நேரம். ஆறோடு எட்டைக் கூட்டினால் பதினான்கு, மதியம் இரண்டு. கரண்ட் வந்ததும் அதைத் திருத்தி வைக்க வேண்டிய ஆள் குளியலறையில் கிடந்தார். சாயங்காலம் எரிய வேண்டிய லைட் நடுராத்திரிக்கு மேல் எரிந்திருக்கிறது, காலை ஆறுக்கு அணைய வேண்டியது இப்போது அணைகிறது. கணக்கு ஒரு இம்மிகூடப் பிசகாமல் வந்தது.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை காலை நான் பார்த்தது யாரை? திங்கள்கிழமை? நான்கு மாதமாகத் தினமும் ஆறு மணிக்கு "மகராசன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எதைப் பார்த்து? சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ரஞ்சிதா ஓடி வந்து, "என்னாச்சுங்க நர்சம்மா" என்று கேட்டாள். எழுந்து மெயினை நிறுத்தினேன். வட்டம் சுற்றுவது நின்றது. நின்ற பிறகும் அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஐந்து மணி. அவருக்கு நினைவு வந்திருந்தது. உதடு வெடித்து, தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நர்சம்மா."

"பேசாதீங்க. படுங்க."

"திங்கக்கிழம வெடியறதுக்கு முந்தியே உழுந்துட்டனுங்க. பாத்ரூம் ஜன்னல் சந்துல வாசல் வெளிச்சம் மதில்மேல தெரியும். அதையே பாத்துட்டுக் கெடந்தேன். ஆறு மணிக்கு அது நின்னு போச்சுங்க."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நின்ன ஒடனே உங்க ரேடியோ பாட ஆரம்பிச்சுருச்சு. அதுக்குமேல கத்திக் கத்திப் பாத்தனுங்க. அப்பறம் பட்டறைல அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த நாள் காத்தாலயும் அப்பிடித்தான். ஆறு மணி ஆவக்கூடாது, ஆவக்கூடாதுன்னு சாமியக் கும்புட்டுட்டே கெடந்தேன். நின்னு போச்சு. ரேடியோ பாடுச்சு."

இதைவிட என்னை அவர் செருப்பால் அடித்திருக்கலாம். அவர் கேட்காத ஒன்றை நானே சொன்னேன்.

"செவ்வாக்கிழம மத்தியானம் ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. பூனைன்னு நெனச்சுட்டுப் படுத்துட்டேன்."

அவர் கண்ணை மூடினார். "நாந்தானுங்க" என்றார்.

சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் அழுகையாக வந்தது.

"அதை எதுக்குங்க மாட்டுனீங்க? நீங்க வயர்மேனு. அது என்ன பண்ணும்னு உங்குளுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க." மூச்சு வாங்கினார். "சில நாள் காத்தால எந்திரிக்க முடியறதில்லீங்க. தலை சுத்துது. ஆறு மணி தவறுனா நீங்க தெருவுல நிக்க வெச்சுப் பேசுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. உங்களையும் பேசுவாங்க. ஆறு மணிக்கு நிறுத்தோணும்ங்கறதுதான் பெருசாத் தெரிஞ்சுது. எதுக்கு நிறுத்தறோம்ங்கறது மறந்தே போச்சுங்க."

எனக்கும் மறந்துதானே போயிருந்தது. அவரிடம் தோற்கக் கூடாது என்று நான் ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தது எதற்கு? அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கவா? பரீட்சையில் மார்க் போடுகிற மாதிரி ஆறு மணியைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

மடியில் இருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெட்டியின் முனை வெளியே தெரிந்தது. "நர்சம்மா ஊடு" என்ற எழுத்தும் தெரிந்தது.

"அதை எதுக்குங்க எடுத்துட்டு வந்தீங்க?"

"என்னுங்க இது?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. பெட்டியின் கனம் தெரிந்துவிட்டது.

"முட்டிவலியோட ஆறு மணிக்கு எந்திரிச்சு நீங்க படற பாட்டை எதிரூட்டுலருந்து பாக்கறனே. உங்குளுக்கும் ஒண்ணு மாட்டியுட்டா நிம்மதியாப் படுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழம அதுக்குத்தானுங்க வந்தேன். நீங்க வெரட்டி உட்டுட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு நாளா அதையேதான் நெனச்சுட்டுக் கெடந்தனுங்க. என்னையப்பத்தி இல்ல. அன்னைக்கு நீங்க கதவைத் தொறந்து உள்ள வாங்கன்னு சொல்லீருந்தா."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஆயுசில் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். அந்த ஒரு தடவையைத் தவிர எதுவும் நல்லதில் முடிந்ததாக ஞாபகம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் மரியாதையாக நடந்திருந்தால், கால் மணி நேரத்தில் அவர் வேலையை முடித்திருப்பார். நான் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன். அதன் பிறகு இரண்டு வீட்டு லைட்டும் சாயங்காலம் ஒன்றாக எரியும், காலையில் ஒன்றாக அணையும். நான் விழுந்து கிடந்தாலும் அணையும். அவர் விழுந்து கிடந்தாலும் அணையும். இரண்டு பேரும் செத்துக் கிடந்தாலும் ரேடியோவில் மணி சொல்லும்போது சரியாக அணையும். ரஞ்சிதா கோலம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, வயதானவர்கள் ஒழுங்கே தனி என்று சொல்லியிருப்பாள்.